திருத்துறைப்பூண்டிக்கு ஒரு வார வானிலை: எந்த அறிவிப்பு எதற்கு உதவும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் எந்த வேலையும் வானத்தைக் கேட்டுத்தான் நடக்கும். நேரடி விதைப்பு, மேலுரம், மருந்தடிப்பு, அறுவடை, நெல் காயவைப்பது என எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். கடைமடை (ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனை) என்பதால் பெய்த தண்ணீர் வடிவதும் மெதுவாகத்தான். இந்த ஊருக்கு இப்போது காசு செலவில்லாமல் கிடைக்கும் ஒரு வார வானிலைச் சேவைகளில் எது எதற்கு உதவுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏழு நாளும் ஒரே அட்டவணையில் வந்தாலும் அதற்குள் மூன்று தரம் இருக்கிறது. முதல் இரண்டு நாளை நம்பி வேலையைத் தொடங்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உள்ளது ஆள், அறுவடை இயந்திரம், தார்ப்பாய் பேசி வைக்க உதவும். ஆறாம், ஏழாம் நாட்களை வைத்து ஒரு மூட்டை உரத்தைக்கூடப் பிரிக்கக் கூடாது. கடலில் ஏதோ உருவாகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும் அவை போதும்.

கைபேசியிலேயே பதிந்து வரும் செயலியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலோர் பார்ப்பது அதைத்தான். மேலே "திருத்துறைப்பூண்டி, 27 டிகிரி" என்று காட்டும். அந்த 27 நம் ஊரில் எந்தக் கருவியும் அளந்தது அல்ல. வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல் ஒன்று (இதை "மாதிரி" என்பார்கள்) பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, நம் ஊர் விழும் கட்டத்தின் சராசரியைத் தருகிறது. நமக்கு இரு பக்கமும் அருகில் உள்ள வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில் நாகப்பட்டினமும் அதிராம்பட்டினமும் அடக்கம். நேர்க்கோட்டில் இரண்டும் தலா 35 கிலோமீட்டர் வாக்கில் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நாகையில் பெய்வது அதிகம், அதிராம்பட்டினத்தில் குறைவு. நாம் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் நாகைக்கான அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் தவறும், அதிராம்பட்டினத்துடையதை எடுத்தால் மறுபக்கம் தவறும்.

இந்தச் செயலிகளில் இன்னொரு சிக்கல் சதவீதம். "மழை வாய்ப்பு 60%" என்றால் மழை வருவதற்கான சாத்தியம் அவ்வளவு என்று பொருள். எவ்வளவு பெய்யும் என்பது அதில் இல்லை. 60 சதவீதத்தோடு 2 மி.மீ. என்று இருந்தால் நாற்றங்காலுக்குக்கூடப் போதாத தூறல். அதே 60 சதவீதத்தோடு 40 மி.மீ. என்றால் வரப்பை வெட்டி விட ஆள் வேண்டும். சதவீதத்தின் மேல் ஒருமுறை தொட்டு மி.மீ. அளவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதைக் காட்டாத செயலி விவசாயத்துக்கு உதவாது.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கைதான் நம் கணிப்பில் முதலிடம் பெறுகிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். "ஓரிரு இடங்களில்", "சில இடங்களில்", "அநேக இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்" என்று வருவதெல்லாம் வாய்க்கு வந்தபடி எழுதுவது அல்ல. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை சில இடங்கள். 51 முதல் 75 வரை அநேக இடங்கள். அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். இதைத் திருவாரூர் மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தால் விளங்கிவிடும். நாளிதழில் வரும் மாவட்ட மழை அளவுப் பட்டியலில் திருவாரூர், நன்னிலம், குடவாசல், வலங்கைமான், மன்னார்குடி, நீடாமங்கலம், பாண்டவையாறு தலைப்பு, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று ஒன்பது பெயர்கள் இருக்கும். ஓரிரு இடங்கள் என்றால் இந்த ஒன்பதில் ஒன்றோ இரண்டோ. அது நம் ஊராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "மழைன்னான், ஒரு சொட்டு விழலையே" என்ற குறை பாதிக்கு மேல் இங்கிருந்துதான் பிறக்கிறது. மன்னார்குடியில் பெய்திருக்கும், அறிவிப்பும் சரியாகவே இருந்திருக்கும்.

அடுத்து அளவுச் சொற்கள். 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இதில் "மிதமான" என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. 60 மி.மீ.யும் மிதமான மழைதான். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. பெய்தால் சுமார் 4,050 லிட்டர் தண்ணீர். 60 மி.மீ. என்றால் இரண்டரை லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. விதைத்து நான்கைந்து நாள் ஆன வயலில் அது நின்றால் முளை அழுகிவிடும். எனவே "லேசானது முதல் மிதமான மழை" என்று அறிக்கையில் கண்டால் நேரடி விதைப்பு செய்தவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. வடிகால் வாயைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

மேல் முனையிலும் இதே குறை உண்டு. 204.4 மி.மீ.க்கு மேல் எவ்வளவு பெய்தாலும் ஒரே சொல்தான், சிவப்பு நிறம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. பக்கத்தில் உள்ள திருச்செந்தூரில் 69 செ.மீ. 21 செ.மீ. பெய்தாலும் 95 பெய்தாலும் "அதி கனமழை" என்றே வருவது ஊர் மக்களுக்குப் போதுமான எச்சரிக்கை ஆகாது. இந்தச் சேவையில் முதலில் திருத்த வேண்டியது இதுதான்.

நிறங்களைப் பொறுத்தவரை மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இவை மாவட்டத்துக்கு மொத்தமாகத் தரப்படுகின்றன. வலங்கைமானில் கனமழை எதிர்பார்த்தாலும் முத்துப்பேட்டையும் ஆரஞ்சுதான். இன்னொன்று, வானிலை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. 18ஆம் தேதிக்கு எச்சரிக்கை என்றால் 19ஆம் தேதி விடியற்காலையும் அதில் அடக்கம். நம் கடலோரத்தில் பருவமழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடிகாலையில்தான் வலுக்கிறது. பகல் முழுக்க வெயில் அடித்ததைப் பார்த்து "இன்னிக்கு அறிவிப்பு பொய்த்துவிட்டது" என்று மாலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு, விடிவதற்குள் நெல் நனைந்துபோவது இதனால்தான்.

வட்டார அளவிலான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வருகிறது. மேகதூத் செயலியில் மாநிலம், மாவட்டம், வட்டாரம் தேர்ந்தெடுத்து மொழியைத் தமிழாக மாற்றினால் அடுத்த ஐந்து நாளுக்கான அட்டவணை கிடைக்கும். மழையளவு, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை, மாலை ஈரப்பதம், காற்றின் வேகம், காற்றின் திசை, மேகமூட்டம் என்று எட்டு வரிசை. பெரும்பாலோர் மழையளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மீதி ஏழு வரிசையில்தான் சரக்கே இருக்கிறது.

காற்றின் திசையைப் பாகையில் போட்டிருப்பார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே அந்த எண். 0 அல்லது 360 என்றால் வாடை, 90 என்றால் கொண்டல், 180 தென்றல், 270 மேல்காற்று. பருவமழைக் காலத்தில் 40க்கும் 100க்கும் இடையே நின்றால் கடல் ஈரம் நேராக நம் மேல் வருகிறது, மழைக்கு வழி இருக்கிறது. திசை 300க்கு மேலே போய்விட்டது, ஆனால் மழையளவு வரிசையில் மட்டும் 15, 20 என்று இருக்கிறது என்றால் அந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும். கடலில் உள்ள சுழற்சி நமக்கு வடக்கே போய்விட்டால் நிலத்துக் காற்று இங்கே திரும்பி வீசும், வானம் வெளுத்துவிடும். சென்னைக்கு அருகிலோ ஆந்திரத்திலோ புயல் கரை கடக்கும்போது தொலைக்காட்சி முழுக்க மழை கொட்டிக்கொண்டிருக்க, இங்கே வறண்ட காற்று வீசுவது இதனால்தான். மாறாக, இலங்கைக்குப் பக்கத்தில் வெறும் மேலடுக்குச் சுழற்சி என்று ஒரு வரியில் சொல்லப்படும் ஒன்று நமக்கு இரண்டு நாள் விடாத மழையைத் தந்துவிடும். புயல் என்ற சொல்லுக்குப் பயந்து, சுழற்சி என்ற சொல்லைக் கவனிக்காமல் விடும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

காற்றின் வேகம் மருந்தடிப்பவர்களுக்கு. 15 கிலோமீட்டரைத் தாண்டினால் தெளிப்பது பக்கத்து வயலுக்குத்தான் போகும். மேகமூட்டம் 0 முதல் 8 வரை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மூடியிருக்கும் என்ற கணக்கு. 7, 8 என்று நான்கு நாள் தொடர்ந்தால், இரவு குளிர்ந்தும் காலையில் பனி இலையில் நின்றும் இருந்தால், குலைநோய்க்கு வாசல் திறந்தாயிற்று. அந்த வாரம் தழைச்சத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

இந்த அறிக்கையின் பெரிய பலவீனம் நாள்காட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வருவது சனி முதல் புதன் வரைக்கும். திங்கட்கிழமை காலையில் அதைத் திறந்து பார்ப்பவர் உண்மையில் மூன்று நாள் பழைய கணிப்பைப் படிக்கிறார். அதற்குள் கடலில் எவ்வளவோ மாறியிருக்கும். ஆகவே வட்டார அறிக்கையைச் செவ்வாய், வெள்ளி, அதற்கு மறுநாள் மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களில் சென்னை மையத்தின் தினசரி அறிக்கையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். இரண்டாவது குறை ஆலோசனைப் பகுதி. "மழை எதிர்பார்க்கப்படுவதால் வடிகால் வசதி செய்யவும்" என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் வாக்கியம். கடைமடைக்கென்று தனியாக எழுத ஆள் வேண்டும். நாடு முழுக்க இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024இல் மூடப்பட்டது இந்த வகையில் உண்மையான இழப்பு. அவை திரும்ப வர வேண்டும்.

ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு 2024 அக்டோபர் 24 முதல் கிடைக்கிறது. மேரி பஞ்சாயத்து செயலியில் பார்க்கலாம். மணிக்கணக்கில் பிரித்துத் தருவது நல்ல வசதி, அறுவடை இயந்திரத்தை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று திட்டமிட உதவும். ஆனால் ஊராட்சியின் பெயர் இருப்பதால் துல்லியமும் அந்த அளவுக்கு இறங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. 2025 மே 26 முதல் இயங்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பின் கட்டம் 6 கிலோமீட்டர், அதற்கு முன் 12 கிலோமீட்டர். 6 கிலோமீட்டர் கட்டம் என்றால் 36 சதுர கிலோமீட்டர். அதற்குள் இரண்டு மூன்று ஊராட்சி அடங்கிவிடும், எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

வின்டி செயலியைப் பயன்படுத்துவோர் இப்போது நிறைய. அதன் பலம் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது. ஐரோப்பிய மாதிரி, அமெரிக்க மாதிரி இரண்டையும் நம் ஊருக்கு வரிசையாக வைத்துப் பார்க்கலாம். நான்காம் நாளுக்கு ஒன்று 35 மி.மீ., மற்றது 30 மி.மீ. என்றால் ஏற்பாட்டைத் தொடங்கலாம். ஒன்று 60, மற்றது 5 என்றால் யாருக்கும் இன்னும் தெரியவில்லை என்று பொருள். அப்போது இரண்டையும் கூட்டி வகுத்து 32 என்று எடுத்துக்கொள்வது தப்பு. ஒரு நாள் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வண்ணப் படத்தில் சிவப்பாக ஒரு திட்டு ஊருக்கு மேல் வந்துவிட்டால் அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது மட்டும் வேண்டாம். ஆறு மணி நேரம் கழித்து மாதிரி மறுபடி போடும் கணக்கில் அதே திட்டு வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலில் கிடக்கும்.

2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் நமக்குக் காட்டியது இதைத்தான். 27ஆம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் மெதுவாக நகர்ந்து, 29ஆம் தேதி பிற்பகலில்தான் புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயலாவதற்கு முன்பே, 26, 27 தேதிகளிலேயே டெல்டாவில் கனமழை பெய்து முடிந்திருந்தது. புயல் கரை கடக்கும் தேதியைக் கணக்கு வைத்து வடிகாலைச் சரிசெய்யக் காத்திருந்தால் அதற்குள் பயிர் முழுகியிருக்கும்.

வாரக் கணக்கிலிருந்து மணிக்கணக்குக்கு வரும்போது காரைக்கால் ரேடாரை மிஞ்ச எதுவும் இல்லை. ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தகுந்த ஒரே சேவை. நம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்தான். ரேடார் கதிர் அரை பாகை சாய்வில் கிளம்பினால், பூமியின் வளைவையும் சேர்த்து, நம் தலைக்கு மேல் வரும்போது அறுநூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பருவமழையின் தாழ்ந்த மேகமும் சிக்கிவிடும். சென்னை ரேடார் 290 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் கதிர் இங்கே வந்து சேரும்போது 7 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. தாழ்ந்த மழைமேகம் அதற்குத் தெரியவே தெரியாது. சென்னை ரேடாரில் வெறுமையாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது அதனால் தப்பு.

பார்க்கும் விதம்: வானிலை ஆய்வுத் துறை இணையதளத்தில் ரேடார் பகுதிக்குப் போய்க் காரைக்காலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் படத்தின் நேரத்தைப் பாருங்கள். அது உலக நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சொல்லிவிடலாம். படத்தின் நிற அளவுகோலில் 20 டெசிபல் என்றால் தூறல், 40ஐத் தொட்டால் நல்ல மழை, 50க்கு மேல் இடியோடு கொட்டும். பருவமழையில் மேகம் வடகிழக்கிலிருந்து வருவதால் திருக்குவளை, தலைஞாயிறு பக்கம் என்ன நிறம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்புக்காக ரேடார் நிற்கும் நேரமும் உண்டு. அப்போது பழைய படமே உறைந்து நிற்கும், நேரத்தைப் பார்க்காதவர் ஏமாந்துபோவார்.

இடிக்கு தாமினி செயலி. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் சொல்லிவிடும். இடம் அறியும் வசதியை எப்போதும் அணைக்காமல் வைத்தால்தான் வேலை செய்யும். அவ்வளவுதான், அதை வைத்து மழையைக் கணிக்க முடியாது.

எந்தச் சேவையும் சொல்லாத ஒன்று வடிகால். நம் வயலில் 30 மி.மீ. பெய்தாலும், அதே இரவில் நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் 100 பெய்திருந்தால் அந்தத் தண்ணீர் முள்ளியாறு, கோரையாறு வழியாகக் கீழேதான் வர வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் மிகுந்து, கொண்டலும் அழுத்தமாக வீசினால் முத்துப்பேட்டைக் காயல் பக்கம் வெள்ளம் எளிதில் வடியாது. ஆகவே கனமழை அறிவிப்பு வந்த நாளில் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: காலைப் பட்டியலில் மேல்மடை ஊர்களின் மழையளவு, நாள்காட்டியில் திதி, வட்டார அறிக்கையில் காற்றின் திசை. மூன்றும் ஒருசேர எதிராக நின்றால், சாதாரண ரகம் போட்டவர்கள் மோட்டார் வைத்து இறைக்கும் ஏற்பாட்டை அன்றே செய்துவிட வேண்டும். வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகம் போட்டவர்களுக்கு இரண்டு வாரம் வரை தவணை உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு தூர்கட்டும் பருவப் பயிரை மீட்க வேளாண் துறை பரிந்துரைப்பது ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 4 கிலோ. மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷைச் சேர்த்து இட வேண்டும். இதற்கு முதல் இரண்டு நாளும் மழையளவு வரிசையில் பூஜ்யம் இருக்க வேண்டும். 5 மி.மீ. என்று இருந்தாலும் ஒரு நாள் தள்ளுங்கள்.

வீட்டில் ஒரு மழைமானி வைத்துக்கொள்வது மேற்சொன்ன அத்தனை சேவைகளின் மதிப்பையும் கூட்டும். பக்கம் நேராக உள்ள டப்பா ஒன்று போதும், அடி குறுகிய வாளி ஆகாது. மரம், கூரை, சுவரிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளித் திறந்த வெளியில் அசையாமல் நட்டு வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அடிக்கோலை விட்டு மில்லிமீட்டரில் அளந்து, கொட்டிவிட்டு, அறிவித்ததையும் பெய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் வயலுக்கு எந்தச் சேவை கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று கை ரேகைபோலத் தெரியும்.

பொங்கலுக்குப் பிறகு கவனம் இன்னும் கூட வேண்டும். பருவமழை முடிந்தது என்று எல்லோரும் அறிவிப்பைப் பார்ப்பதை விட்டுவிடும் நேரம் அது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் அறுப்பதற்கு ஒரு நாள் வறண்டிருந்தால் போதாது, காயவைக்கவும் வெயில் வேண்டும். வியாழக்கிழமைதோறும் வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் அடுத்த இரண்டு வாரத்துக்கான அறிக்கையில் வங்கக்கடலில் எதுவும் உருவாகும் வாய்ப்பு சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வெள்ளிக்கிழமை வட்டார அறிக்கையில் தொடர்ந்து மூன்று நாள் மழை பூஜ்யமும் மேகமூட்டம் 3க்குக் கீழும் இருக்கிறதா என்று பார்த்து, சனிக்கிழமை காலைப் பனி உலர்ந்ததும் இயந்திரத்தை இறக்குங்கள். அன்று மாலையே தினசரி அறிக்கையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, தார்ப்பாயை நெல்லுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.